புகைக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பீர் பாட்டில்

பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டிப் பிழைக்கிறவளை யாரும் லேசில் நம்புவதில்லை. என்னைப் போலவே கூட்டத்தை மேய்க்கும் வேலையில் இருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நான் இருப்பது மலேசியாவில், மலாக்காப் பக்கம் செலண்டாரைத் தாண்டி, ரப்பர் தோட்டம் ஒன்றை வாங்கி எழுந்த தனியார் கல்லூரியில். துரை பங்களா அலுவலகமாகிவிட்டது. ரப்பர் ஷீட் காயவைத்த புகைக்கூடம் நூலகம். சனிக்கிழமை காலையில் வருகிறவர்களுக்கு இதையெல்லாம் காட்டிக் கதை சொல்வது என் வேலை.

துரை பங்களா

மலாக்கா டவுனிலிருந்து வந்த ஓர் அம்மா, நான் வாயைத் திறந்ததிலிருந்தே என்னை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வராந்தாவில்தான் துரை சாயங்காலம் உட்கார்ந்து டீ குடிப்பார்" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் மட்டும் காலை வெயில் வரும் பக்கத்தைப் பார்த்தார், வராந்தாவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"சாயங்கால வெயில் நேரா மூஞ்சியிலதானே அடிக்கும்? துரைக்கு என்னம்மா கிறுக்கா?"

ஆயாக்கொட்டகை

ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனவர்கள் பிள்ளைகளை விட்டுப்போன ஆயாக்கொட்டகையில் இப்போது போட்டோகாப்பி மெஷின் ஓடுகிறது. அதன் முன்னால் டுரியான் துங்காலிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. அதில் வந்த எல்லாரும் இதே தோட்டத்தில் பிறந்து, குடியிருந்த லயத்து வீடுகளை உடைத்தபோது வெளியேறியவர்கள். நான் நீட்டிய ஜூஸை ஒருத்தரும் தொடவில்லை. நேராகப் புகைக்கூடத்துக்குப் பின்னால் போய், மரத்தடி முனீஸ்வரர் இன்னும் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் வந்தார்கள். எனக்குக் கோபம்தான். கூட்டி வந்த மாரிமுத்து அங்கிளிடம், ஏன் இவ்வளவு சந்தேகம் என்று கேட்டே விட்டேன்.

"சும்மா சுத்திக் காட்டுறாங்கன்னா எதையோ எடுக்கப் போறாங்கன்னு அர்த்தம். லயத்தை உடைக்கிறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் ஜூஸ் கொடுத்தாங்க லா."

பாட்டில்

அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் முனீஸ்வரர் முன்னால் ஒரு பீர் பாட்டிலும் சுருட்டும் இருந்தன. சாமிக்குப் படைத்தது என்று நமக்குத் தெரியும். ஆனால் நூலகத்துக்குப் பின்னால் பீர் என்று மேலிடத்துக்குப் புகார் போய்விட்டது. நான் சந்தேகப்பட்டது மாரிமுத்து அங்கிளை. கல்லூரிப் பதிவாளர் சந்தேகப்பட்டது என்னை. அவரும் நம்மவர்தான், ஆனால் டை கட்டிக்கொண்டால் தோட்டம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. அறைக்குக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லவில்லை. எனக்கோ இதை விட்டால் வேறு வேலை கிடையாது.

"உங்க டூருக்கு வர்ற ஆளுங்க வேலைதான் இது. இன்னொரு பாட்டில் பார்த்தேன்னா, சனிக்கிழமை டூர் க்ளோஸ்."

உத்தரவு

அடுத்த சனிக்கிழமை, பாட்டில் இருந்தால் யார் கண்ணிலும் படாமல் எடுத்துவிடலாம் என்று விடிந்ததும் ஓடினேன். எனக்கு முன்னால் ஒருத்தர் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். டையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பாட்டிலைத் திறந்து வைத்து, சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பதிவாளர். பழியை என் தலையில் போட்ட மனிதர், என்னைப் பார்த்ததும் சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார். ஏதாவது வேண்டுதலா என்று கேட்டேன்.

"வேண்டுதல் இல்லம்மா. இங்க கார் பார்க் வருது. சாமிய எடுக்க சாமிகிட்டயே உத்தரவு கேக்கறேன். வாரா வாரம் வந்து உக்கார்றேன், பல்லி ஒரு சத்தம் கொடுக்க மாட்டேங்குது."

அன்றைக்கே மாரிமுத்து அங்கிளுக்குப் போன் போட்டு, கார் பார்க் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இப்போதைக்கு அந்தக் கல்லூரியில் நான் நம்புவது, வாயைத் திறக்காத அந்தப் பல்லி ஒன்றைத்தான்.