மிரேயின் கைப்பக்குவம்

லியோன் நகரத்தில் எங்கள் வைசே பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை அடுப்படிப் பக்கமே போகாமல் விருந்து போடுகிற பெண்கள் முப்பத்தோரு பேர். ஒவ்வொருத்தியின் பெயரும் எனக்குத் தெரியும். வெளியே சொன்னால் எங்கள் சாப்பாட்டுக் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். என் புருஷன் பெர்னான் சமைப்பான், நான் விற்பேன். சனிக்கிழமை சாயங்காலம் பின்கதவு வழியாக அவரவர் வீட்டு மண்சட்டி துணியில் சுற்றி வந்து சேரும். மறுநாள் காலை அதே சட்டியில் மீன் கொழுக்கட்டையோ, குடல் குழம்போ, உருளைக்கிழங்கைப் பாலேட்டில் வேகவைத்த கிராத்தானோ நிரம்பி, அதே துணிக்குள் வீடு திரும்பும். "என்ன கைப்பக்குவம்!" என்று விருந்தாளிகள் சப்புக்கொட்டுவார்கள். வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொள்வாள். லியோன் நகரம் முழுக்க இந்தக் கூத்து உண்டு.

மற்ற முப்பது பேருக்கு இது சோம்பல், இல்லாவிட்டால் ஜம்பம். மிரேய்க்கு மட்டும் இது உயிர்ப் பிரச்சினை.

மிரேய் பள்ளிக்கூடம் கூட்டித் துடைக்கிறவள். ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, வாய் மட்டும் நீளம். அவள் புருஷன் லூசியான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். வயதுக்கு மரியாதை கொடுத்து 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. சூப்பில் உப்பு கூடிவிட்டது என்று ஒருநாள் அவள் வலது கையைச் சூடான அடுப்பின் உள்ளே பிடித்து, இரும்புக் கதவை அதன்மேல் அறைந்து சாத்தினான். ஒரு தடவை இல்லை, எலும்பு உடைகிற சத்தம் கேட்கும்வரை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். மணிக்கட்டு கோணலாகவே கூடியது. துடைப்பத்தை இடுக்கிக்கொள்ள முடியும், கத்தி பிடிக்க முடியாது.

கட்டுப் பிரித்த வாரம்தான் முதன்முதலாக எங்கள் பின்கதவைத் தட்டினாள். கையில் லூசியானின் அம்மா விட்டுப்போன பழுப்புச் சட்டி.

"ஜெர்மேன், உன் வீட்டுக்காரர் ரொம்ப நல்லா சமைக்கிறாராமே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"கொஞ்சம் மட்டமா சமைக்கச் சொல்லு. ஓரமெல்லாம் லேசா கருகணும். அதுதான் என் பக்குவம். திடீர்னு நல்லா இருந்தா மாட்டிக்குவேன்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அப்புறம்தான் அந்தக் கையைப் பார்த்தேன்.

பதினோரு வருஷம் பெர்னான் அவளுக்காகக் கருக்கினான். பெருமைக்காரச் சமையல்காரன், ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்வான். அவளோ வாங்கிப் போகும்போது வம்பிழுப்பாள். "போன வாரம் உப்பே இல்ல, பெர்னான். வீட்டுல என் பேரு கெட்டுப்போச்சு." ஆனாலும் கண்ணுக்குக் கீழே நீலமாக வீங்கியிருக்கும். உதடு கிழிந்திருக்கும். ஒரு தடவை காது மடலில் தையல். நான் கேட்கவில்லை. முப்பத்தோரு ரகசியம் காக்கிறவள் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

அந்த வளைந்த கை உருளைக்கிழங்கு சீவாது என்று லூசியானுக்கு ஏன் தெரியவில்லை என்கிறீர்களா? அவன் அந்தக் கையைப் பார்த்திருந்தால்தானே தெரியும்.

நவம்பரில் ஒரு ஞாயிறு, பெர்னான் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் தப்பு நடந்தது. ஒரே அளவில் இரண்டு பழுப்புச் சட்டி, இரண்டிலும் கிராத்தான். ஒன்று மிரேயுடையது. இன்னொன்று டாக்டரம்மா மதாம் வெய்ரேயுடையது. துணியை மாற்றிச் சுற்றிக் கொடுத்துவிட்டான். மிரேய் வழக்கமாக லூசியான் காபிக் கடையில் சீட்டாடுகிற நேரத்தில் வீட்டுக்குப் போய், அடுப்பைப் பற்றவைத்துச் சட்டியை உள்ளே தள்ளிவிடுவாள். அன்று மழை. ஆட்டம் சீக்கிரம் கலைந்து, அவன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தான். உள்ளே நுழைந்தவள் கையிலிருந்த மூட்டையை அவனே பிரித்தான். அம்மாவின் சட்டிக்குக் காது உடைந்திருக்கும், இதற்கு இரண்டு காதும் முழுசு. சட்டி சுடுகிறது, அடுப்போ சில்லென்று கிடக்கிறது. அதற்குமேல் ஒருத்தர் சொல்லித்தான் புரிய வேண்டும் என்றில்லை.

எங்கள் கடையில் அப்போது பெரிய வரிசை. சர்ச் விட்டு வந்தவர்கள் தெருவரைக்கும் நின்றார்கள். சட்டி மாறிப்போனதைக் கண்டு மதாம் வெய்ரேயும் திரும்பி வந்து, துணி மூட்டையை மேல்கோட்டுக்குள் மறைத்தபடி நின்றிருந்தார். மணி அடித்துக் கதவு திறந்தது. முதலில் வந்தது மிரேயின் தலை. முடியைக் கொத்தாகப் பிடித்து மூன்று தெரு இழுத்து வந்திருக்கிறான். ஒரு காலில் செருப்பு இல்லை. வாயெல்லாம் ரத்தம், எந்தக் கடை என்று அடித்தே வாங்கியிருக்கிறான்.

"எந்தத் திருட்டு நாய்டா என் பொண்டாட்டிக்குச் சோறு விக்கிறது?" என்று கத்திக்கொண்டே சட்டியைக் கவுண்டர்மேல் வைத்தான். "இது யார் சட்டி? சொல்லுங்கடீ! எங்கம்மா சட்டி எங்க?"

மதாம் வெய்ரே தரையைப் பார்த்தார். மூட்டை கோட்டுக்குள் இன்னும் ஆழமாகப் போனது.

"மிசியே, கொஞ்சம் அமைதியா..." என்றான் பெர்னான்.

லூசியான் அமைதியாகவில்லை. மிரேயின் முகத்தைக் கண்ணாடி அலமாரியில் மோதினான். கண்ணாடி உடைந்தது, அதன் பின்னாலிருந்த முட்டைத் தட்டுகளில் ரத்தம் வழிந்தது. இரண்டாவது தடவை மோதினான். இருபது பேர் நின்றார்கள், ஒருத்தரும் அசையவில்லை. கோழி சுடுகிற நீளக் கம்பியை எடுத்துக்கொண்டு கவுண்டரைச் சுற்றிப் போனேன். அவன் முதுகில் ஒரு அடி நன்றாகவே விழுந்தது. அவன் திரும்பி என் விலாவில் விட்ட உதையில் நான் ஊறுகாய் ஜாடிகளோடு சரிந்தேன். இரண்டு எலும்பு போயிற்று என்று அப்புறம் சொன்னார்கள். மூச்சு இழுக்க முடியவில்லை, பார்க்க மட்டும் முடிந்தது.

அவன் அவளுடைய கோணல் கையைப் பிடித்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கினான்.

"பதினோரு வருஷமா இந்தக் கையாலதானே செஞ்சேன்னு சொன்னே? ஊரெல்லாம் பெருமையடிச்சிருக்கேன்டீ! என்னை முட்டாளாக்கிட்டியே!" என்று முறுக்கினான்.

மிரேய் அலறவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"இந்தக் கையை உடைச்சது நீதான், லூசியான். மறந்துட்டியா?"

அவன் ஒரு கணம் முழித்தான். நிஜமாகவே மறந்துதான் போயிருந்தான், அது அவன் முகத்தில் தெரிந்தது. பிறகு கையை விட்டுவிட்டு, இடுப்பு பெல்ட்டை உருவக் குனிந்தான்.

மிரேய் கவுண்டர்மேல் இருந்த டாக்டரம்மாவின் சட்டியை இடது கையால் இழுத்து, வளைந்த கையை அடியில் முட்டுக்கொடுத்துத் தூக்கினாள். அவன் உச்சந்தலையில் இறக்கினாள். சட்டி உடையவில்லை. மறுபடி இறக்கினாள். அவன் நிமிர்ந்தபோது மூன்றாவது அடி வாயில் விழுந்து, பல் தெறித்தது, சட்டியும் பிளந்தது. சூடான பாலேடு கழுத்துக்குள் வழிய அவன் மரம்போலச் சாய்ந்தான். எனக்குப் பாவமாக இல்லை. விலா வலியிலும் மனசு குளிர்ந்தது, அதை மறைக்க மாட்டேன்.

போலீஸ்காரர் வருவதற்குள் அவன் நினைவு திரும்பி முனகினான். ஆட்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். போலீஸ்காரர் இளவயசுக்காரர், நோட்டுப் புத்தகத்தைத் திறந்து என்ன நடந்தது என்று பொதுவாகக் கேட்டார்.

"வழுக்கி விழுந்துட்டார்," என்றார் மதாம் வெய்ரே. அவ்வளவு நேரம் ஊமையாக நின்றவர், பளிச்சென்று சொன்னார். "தரையெல்லாம் பாலேடு. நான் என் கண்ணால பார்த்தேன்."

"ஆமா, வழுக்கித்தான் விழுந்தார்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"பெரிய ஆளு, பாவம், தலைகுப்புற..."

வரிசை முழுக்க ஒரே குரலாகிவிட்டது. பொய் சொல்வதில் எங்கள் பெண்களுக்குப் பயிற்சி போதாதா? எனக்கு அவர்களைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தரையில் கிடந்தபடியே நானும் தலையாட்டினேன். போலீஸ்காரர் எழுதத் தொடங்கினார்.

"இல்ல சார்," என்றாள் மிரேய்.

"வாயை மூடுடி!" என்று கத்த நினைத்தேன், காற்றுதான் வந்தது.

அவள் அலமாரியைப் பிடித்து எழுந்து நின்றாள். ஒரு கண் மூடியே போயிருந்தது. வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பேசினாள்.

"யாரும் வழுக்கல. நான்தான் அடிச்சேன், மூணு தடவை. இத்தனை வருஷமா இன்னொருத்தர் செஞ்சதையெல்லாம் நான் செஞ்சேன்னு சொல்லிட்டிருந்தேன். இது ஒண்ணுதான் நானே செஞ்சது. அப்படியே எழுதுங்க."

போலீஸ்காரர் வரிசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு, எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.