டிரைவர் இல்லாத வெள்ளிக்கிழமை

கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்தவன் என்று ஊரை நம்பவைத்திருந்த பதினைந்தாவது வயதில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினியை ஒரே மாலையில் உருப்படாமல் ஆக்கியவன் நான். மஸ்கட்டிலிருந்து அப்பா அனுப்பியது அது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதில்தான் அவர் முகத்தைப் பார்ப்பாள்.

இணையம் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுடையது. வாய்க்காலில் யார் முதலில் மடை திறப்பது என்ற தகராறில் அம்மாவும் சித்தியும் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை. சித்தப்பா வைஃபை பாஸ்வேர்டை மட்டும் ரகசியமாகக் கொடுத்திருந்தார். யாரும் யார் வாசலையும் மிதிக்காமல், சுவரைத் தாண்டி அப்பா வந்துகொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை, பத்திரிகையோடு இலவசமாக வந்த குறுந்தகட்டை நம்பி, விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸைப் போட்டேன். வைஃபையைத் தவிர எல்லாம் வந்தது. அந்த வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் லினக்ஸில் இல்லை. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம்தான், ஆனால் இணையம் வருவதற்கே அது வேண்டும். இந்தத் தத்துவச் சிக்கலை, "டிரைவர் இல்லம்மா" என்று சுருக்கிச் சொன்னேன்.

அது குறுவை அறுப்புக் காலம். அறுப்பு மிஷின் மூன்று நாளாக எங்கள் வயலில் சும்மா நின்றது. அதன் டிரைவர் வலங்கைமானுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தான்.

"இதுக்குமா? இவன் எப்ப வருவான்?" என்றாள் அம்மா.

"இது ஆள் இல்லம்மா."

"ஆள் இல்லேன்னுதானே நீயும் சொல்றே."

மறுநாள் அப்பாவிடம் ஒன்று கேட்கவேண்டியிருந்தது: ஊருக்கு வருகிறாரா, இன்னும் இரண்டு வருடம் அங்கேயேவா? போனில் கேட்டால் மழுப்புவார். முகத்தைப் பார்த்துக் கேட்பதற்காகவே அம்மா வாரம் முழுக்கக் காத்திருந்தாள்.

மிச்சமிருந்த வழி வயர். மோடமோ சித்தி வீட்டு டிவி பக்கத்தில். வெள்ளிக்கிழமை அம்மா முகம் கழுவினாள். பிறகு தலை வாரிக்கொண்டு, மடிக்கணினியைக் குடம்போல இடுப்பில் வைத்து, கொல்லைப்பக்கமாக நடந்தாள். சித்தி ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"கரண்ட் போறதுக்குள்ள பேசிடுங்கக்கா."

திரையில் வந்த அப்பா, இருவரையும் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு அசையாமல் இருந்தார். படம் நின்றுவிட்டதென்று நான் வயரை ஆட்டினேன். கடைசியில், "இன்னும் ஒரு ரெண்டு வருஷம்..." என்று அவர் இழுக்க, பின்னாலிருந்து சித்தி, "பொங்கலுக்கு வந்துடுங்க மாமா" என்றாள். அவரால் மழுப்ப முடியவில்லை. வந்தார்.

அதற்கு முன்பே, மூன்று வாரம் போராடி அந்த டிரைவரைப் பிடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அம்மா மறுபடியும் மடிக்கணினியை இடுப்பில் எடுத்தாள். வயரே வேண்டாம் என்று அரைமணி நேரம் விளக்கினேன். "சரிப்பா" என்றவள் கொல்லைப்பக்கம் போனாள். அவளுக்கு விஞ்ஞானம் ஏறவில்லை என்று பெருந்தன்மையோடு முடிவுசெய்தேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது, அம்மாவும் சித்தியும் சேர்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வீட்டையும் சேர்த்துவைத்ததே என் லினக்ஸ்தான் என்று ஆரம்பித்தேன். சித்தி நிமிராமல் அம்மாவிடம் சொன்னாள்:

"ஓடிக்கிட்டிருந்ததைக் கெடுத்துப்புட்டு, அதுக்குப் பேரு வேற வாங்கப் பாக்குறான் பாருங்கக்கா."