றோஸ் அக்காவும் இரண்டு வரியும்

வந்தவர் வாய் திறக்குமுன்னே றோஸ் அக்கா ரிப்போட்டை உருவிக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில் நீலப் பேனையால் இரண்டு கோடு இழுக்கிறார். "உந்த ரிப்போட்டைப் பிறகு பாப்பம். முதல் இதைக் கேளுங்கோ." யாழ்ப்பாணம் குருநகரில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தின் யன்னலில் பத்தொன்பது வருடமாக நடக்கும் பாடம் இது. விளக்கம் சொல்வது அவருடைய வேலை இல்லை; டொக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இங்கே ரிப்போட் வாட்ஸ்அப்பில் கனடா போய், லண்டன் போய், கடைசியாகத்தானே டொக்டரிடம் போகிறது.

"ஹெப்படைட்டிஸ் பி எண்டால் ஈரலைப் பிடிக்கிற கிருமி. முதல் வரி, கிருமி உள்ளுக்கை இருக்கோ எண்டு பாக்கிறது. ரெண்டாம் வரி, அதைத் தடுக்கிற சக்தி இருக்கோ எண்டு பாக்கிறது. முதல் வரியிலை நெகட்டிவ் நல்லம். ரெண்டாம் வரியிலை பொசிட்டிவ் நல்லம். விளங்கிச்சோ?"

"ஓம் மிஸ்" என்பார்கள். பிறகு, தடுப்பூசி போட்டு இரண்டாம் வரியில் பொசிட்டிவ் வந்த பிள்ளை படியில் குந்தியிருந்து அழும். அதைத் தேற்றி அனுப்புவதற்குள் அக்காவின் தேத்தண்ணி ஆறி ஆடை பிடித்துவிடும். ஆறின தேத்தண்ணி அவருக்கு ஜென்மப் பகை.

போன கிழமை, அக்காவின் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் ஸ்ரெல்லா வந்தாள். கணவன் அருட்பிரகாசம் கடலுக்குப் போகிறவர். இரத்ததான முகாமில் கொடுத்த இரத்தத்தில் சந்தேகம் வந்து, மறுபடி சோதித்ததில் முதல் வரி பொசிட்டிவ், இரண்டாம் வரி நெகட்டிவ்.

"ஒண்டு பொசிட்டிவ், ஒண்டு நெகட்டிவ். அப்ப சமன்தானே அக்கா? கனடா மச்சாளும் அப்பிடித்தான் சொன்னவ."

அக்கா பேனையை மூடி வைத்தார். "சமனில்லை. கிருமி இருக்கு. அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போ. நீயும் பெடியனும் சோதிச்சுப் பாத்து, கிருமி இல்லையெண்டால் ஊசி போடுங்கோ. நாளைக்கே."

அந்த நாளை வரவே இல்லை. ஞாயிறு பூசை முடிந்த கையோடு அக்கா அவள் வீட்டுக்கே போனார். அருட்பிரகாசம் வேலியோரம் ஒரு கதிரையில் தலையைக் குனிந்தபடி தனியே இருந்தார். யன்னல் விளிம்பில் அவருடைய கோப்பை, பிடியில் சிவப்பு நூல் கட்டி.

"பிரிச்சு வைச்சிட்டன் அக்கா. டெற்றோல் போட்டுத்தான் கழுவுறன்."

"சவரம் எடுக்கிற றேசரைப் பிரிச்சனியோ?"

ஸ்ரெல்லா கிணற்றடிப் பக்கம் திரும்பினாள். அங்கே ஒரே றேசர். தகப்பனும் மகனும் அதில்தான். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கோப்பையாலை இது தொத்தாது. இரத்தத்தாலை தொத்தும். ஒரு பிழையும் செய்யாத கோப்பைக்கு நூல். தோலை வெட்டுற றேசருக்கு ஒண்டுமில்லை. உங்களைச் சோதிக்கச் சொன்னனான், மனிசனை மூலையிலை இருத்தச் சொன்னனானோ?"

"பயமாக் கிடக்கு அக்கா." ஸ்ரெல்லா பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

அக்கா அதை வாங்கினார். யன்னலடிக்குப் போய், ஆவி பறக்க அப்படியே நூல் கட்டிய கோப்பைக்குள் ஊற்றினார். நின்ற நிலையில் ஊதி ஊதி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். வேலியோரம் அருட்பிரகாசம் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வெறுங்கோப்பையை ஸ்ரெல்லாவிடம் நீட்டினார்.

"சீனி காணாது."