கட்டைவிரல் அகலத்துக்குப் பெயிண்ட்

என் அக்காவின் கணவருக்குக் கார்களில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பொருத்துவது தொழில். அவர் கழற்றிய கதவு அட்டையில் ஒரு கிளிப்கூட உடைந்ததில்லை என்று கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அப்பா மட்டும் சொல்ல மாட்டார். மேசை நாற்காலி உத்தியோகத்தில் மருமகனை எதிர்பார்த்தவர், முழங்கையில் கிரீஸோடு வந்தவரிடம் ஆறு வருடமாக நேரடியாகப் பேசியதில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், "உன் வீட்டுக்காரரைச் சாப்பிடச் சொல்லும்மா" என்று அக்கா வழியாகத்தான் தபால் போகும்.

அப்படிப்பட்டவர், அக்காவின் நச்சரிப்பு தாங்காமல் தன் காரைப் பட்டறைக்கு ஓட்டி வந்தார்; அக்காவும் நானும் கூடவே வந்தோம். அத்தான் அன்று வேறு வேலை எடுக்கவில்லை. இது ஒன்று நன்றாக அமைந்தால் மாமனார் தன் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிடுவார் என்று நம்பினார்.

பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து ஒரு பக்கமாகக் கரண்ட் வயர், மறுபக்கமாகப் பாட்டு வயர். எல்லாம் முடிந்து எர்த் வயர் மட்டும் பாக்கி. டிக்கியின் தரையில் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் அதை முடுக்க வேண்டும்; இடையில் பெயிண்ட் இருந்தால் எர்த் சரியாகப் பிடிக்காது. அத்தான் உப்புத்தாளை எடுத்ததும் அப்பா துள்ளினார்.

"பெயிண்ட்ல கை வைக்க வேண்டாம்னு சொல்லும்மா! ஒரு கீறல் விழாம வச்சிருக்கேன்."

வேறு யாராவது என்றால் அத்தான் வண்டியைத் திருப்பி அனுப்பியிருப்பார். மாமனாராயிற்றே! டிக்கியில் ஏற்கெனவே இருந்த ஒரு போல்ட்டில், பெயிண்டின் மேலேயே வயரை முடுக்கினார்.

பாட்டு வந்தது. அப்பா ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தார். கூடவே 'ஙொய்ய்' என்று ஓர் இரைச்சல் ஏறியது. காலை எடுத்ததும் இறங்கியது.

"என்னம்மா, பொட்டிக்குள்ள கொசு வளக்குறாரா உன் வீட்டுக்காரர்?"

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான், படித்தது மின்னணுவியல். இந்த இரைச்சலுக்குக் காரணம் எழுதி மதிப்பெண்ணே வாங்கியிருக்கிறேன். சொல்ல வாயெடுத்தேன். அத்தான் என் காலை மிதித்தார்.

"என் வேலைதான் சரியில்ல, மாமா. கழட்டிடுறேன்." ஸ்பேனரை எடுத்தவரின் முகம் சுண்டிப்போயிருந்தது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அவர் வேலையில ஒரு குறையும் இல்லப்பா. நீங்க சுரண்ட விடல, அதான் கத்துது. உங்களைச் சொல்ல மனசில்லாம பழியைத் தன் தலையில போட்டுக்கிறார்."

அப்பா இறங்கி டிக்கிக்கு வந்தார். குனிந்து அந்த போல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்த உப்புத்தாளைக் குடுங்க மாப்ள. எங்க சுரண்டணும்?"

அத்தானுக்கு இடத்தைக் காட்டவே கொஞ்ச நேரம் பிடித்தது. கட்டைவிரல் அகலம் கேட்டால், அப்பா உள்ளங்கை அகலத்துக்குச் சுரண்டினார்.

"போதும் மாமா, ஓட்டை விழுந்துடும்."

வயரை முடுக்கியதும் அப்பா மறுபடி ஏறி மிதித்தார். கொசு போய்விட்டது. பாட்டு மட்டும் கேட்டது. அப்பா கண்ணாடியை இறக்கி, அக்காவைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"மாப்ள, இன்னும் கொஞ்சம் சத்தமா வைக்க முடியாதா?"