படைக்க முன் ஒரு வாய்

போன கிழமை சம்பூரில் ஒரு பிழை விட்டேன். கமெரா ஓடிக்கொண்டிருந்தது...

என் நிகழ்ச்சி பார்ப்பவர்களுக்குத் தெரியும். கடைசியில் அகப்பையால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விடுவேன். நக்குவேன். கண்ணை மூடுவேன். “அருமை.” அவ்வளவுதான் என் நடிப்பு.

எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. துறைமுகக் கன்ரீனில் பதினொரு வருடம் சமைத்தேன். பிறகு ரீவிக்காரர் கூப்பிட்டார்கள். ஸ்ரூடியோக் குசினியில் மூன்று கிழமை நின்றேன். ஏலவில்லை. ஜன்னல் இல்லாத இடத்தில் என்ன சமையல்? வயலுக்கு வாருங்கள், சமைக்கிறேன் என்றேன். வந்தார்கள். இப்போது ஊர் ஊராகப் போகிறோம்.

சம்பூரில் இராசம்மா வீட்டில் புதிர்ப் பொங்கல், புது அரிசிப் பொங்கல். இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து, பற்றை வெட்டிய காணி. அதில் விளைந்த முதல் நெல். முதல் சோறு பிள்ளையாருக்கு – பன்னிரண்டு மணிக்கு முன். அதுவரை யாரும் வாயில் வைக்கக் கூடாது.

சல்லிக் கிராமத்தில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பொங்கல் இறங்கியதும் கை தானாகப் போனது. பழக்கம் நம்மைக் கேட்டா செய்கிறது?

“அருமை” என்றேன்.

“அண்ணை, கலாதி!” என்றான் கமெராக்கார ரவி.

இராசம்மா பானையைப் பார்த்தார். பிறகு என்னை. “அண்ணை... இன்னும் படைக்கேல்லையே.”

“கை பழகிப் போச்சு, தங்கச்சி.”

“குத்தின அரிசி அவ்வளவுந்தான்.” கண் கலங்கியிருந்தது.

மன்னிப்புக் கேட்டு என்ன பயன்? மணி பத்தே கால். “நெல்லு கிடக்குத்தானே? உலக்கையைத் தாங்கோ” என்றேன்.

நான் குத்தினேன். அவர் புடைத்தார்.

“குத்துங்கோ, குத்துங்கோ. வாயை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டு குத்துங்கோ.”

சிரித்த மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. ரவி கமெராவை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் புதுப் பானை வாங்கி வந்தான். விறகும் தள்ளினான்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கப் படைத்தோம். கும்பிட்டோம். அதற்குப் பிறகுதான் எனக்கு இலையில் வந்தது.

ஒரு வாய் வைத்தேன். ருசி பார்க்காமல் இறக்கிய பொங்கல் அல்லவா...

“சர்க்கரை கொஞ்சம் காணாது” என்றேன்.

“பிள்ளையார் ஒண்டும் சொல்லேல்லை” என்றார் இராசம்மா. “நீங்கள் சாப்பிடுங்கோ.”