கல்நார் உரிப்பதற்கு முன்

யாரும் ஆபத்து என்று சொல்லாத ஒன்றுக்கு ஒரு மனிதன் எத்தனை காலம் தனியாகப் பயந்துகொண்டிருக்க முடியும்?

சங்கரன்கோவிலில், பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் ஒரு ஜின்னிங் மில்லில் பாய்லர் பார்த்துவந்த வெள்ளத்துரை பல வருஷம் பயந்தார். சூடு போகாமலிருக்க நீராவிக் குழாய்களின் மேல் கல்நாரை, அதாவது ஆஸ்பெஸ்டாஸை, குழைத்துப் பூசியிருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, சோதனைக்காக அதை உளியால் தட்டி உரிக்க வேண்டும். அப்போது வெள்ளைத் தூசி பஞ்சு போலவே பறக்கும். அவரோடு உரித்த மருதப்பன் இருமி இருமியே செத்தார். காசநோய் என்றார்கள். வெள்ளத்துரை நம்பவில்லை. நம்பாததற்கு ஆதாரமும் அவரிடம் இல்லை. வாயில் கருப்பட்டியை அடக்கிக்கொண்டால் தூசி நெஞ்சில் தங்காது என்றுகூட நினைத்தவர் அவர்.

அதன் பிறகு, உரிப்பதற்கு முன் பக்கத்து அறையில் பஞ்சு பொறுக்கும் பெண்களை வெளியே அனுப்புவார். இடைவாசலில் நனைத்த சாக்குகளைத் தொங்கவிடுவார். குழாயிலும் தரையிலும் தண்ணீர் தெளிப்பார். பஞ்சுக்குப் பக்கத்தில் தண்ணீரைக் கொண்டுபோவது அங்கே பெரிய குற்றம். பழைய மேனேஜர் கண்டுகொள்ளாமல் இருந்தார். 1955-இல் வந்த புது மேனேஜர் அப்படியில்லை.

"என்னவே பண்ணுதீரு? ஈரம் பட்டா பஞ்சு பழுத்துப்போவும். சாக்கை அவுத்துப் போடும்!"

"பொம்பளையாளுகளை மட்டுமாவது வெளிய அனுப்புங்கய்யா."

"லோடு வாசல்ல நிக்கு. ஒருத்தியும் எந்திரிக்கப்படாது."

அந்தப் பெண்களில் ஒருத்தி அவர் மனைவி இசக்கித்தாய்.

"கொழாய் சட்டையைக் கழத்துததுக்கு நாங்க ஏன் ஓடணும்? அதுக்கு வெக்கமா இருக்கோ?" என்றாள். அறையே சிரித்தது.

"அப்ப நான் உரிக்கலைய்யா." வெள்ளத்துரை உளியைக் கீழே வைத்தார்.

மேனேஜர், மூட்டை தூக்கும் இசக்கிப்பாண்டியைக் கூப்பிட்டு உரிக்கச் சொன்னார். அவன் இரண்டு தட்டுத் தட்டியதுமே தூசி கிளம்பி, திறந்த இடைவாசல் வழியாகப் பெண்களை நோக்கி மிதந்தது.

வெள்ளத்துரை உளியைப் பிடுங்கினார். "ஏலே, வெளிய போ."

இடைவாசல் கதவையும் வெளிக்கதவையும் உள்ளிருந்து தாழிட்டார். மூக்கில் கட்டிக்கொள்ள வேண்டிய துண்டை இடைவாசல் கதவின் அடி இடுக்கில் திணித்தார். காற்று வரும் வழியெல்லாம் அடைத்துக்கொண்டு, காய்ந்த கல்நாரை ஒற்றை ஆளாக உரித்தார்.

சாயங்காலம் புருவம்வரை வெள்ளையாக வெளியே வந்தார். இசக்கித்தாய்க்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

"அந்தப் பய உரிச்சிருப்பாம்லா? வேண்டாம்னு சொன்ன ஆளு, எதுக்கு உள்ள போனிய?"

அவருக்கு இருமல் தொடங்கிய பிறகும் அவள் அதையே கேட்டாள். அடுத்த வருஷமும் கதவைத் தாழிட்டுக்கொண்டு அவரேதான் உரித்தார்.