பொட்டு வைத்த பன்னிரண்டு ஃப்ளாப்பிகள்

ரிச்சி தெருவில் பழைய சாமான் கடையிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது கடைக்காரர் கேட்டார்: "இன்னா சார், இத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? விண்டோஸ்லாம் ஓடாது." ஓட வேண்டாம் என்றேன். "ஹார்ட் டிஸ்க்குக்கு வயசாயிடுச்சு நைனா. ஒரு தபா நிறுத்தினா மறுபடி சுத்துறது கஷ்டம். ஓட்டிக்கினே இரு" என்றார்.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. தி.நகரில் ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார். பகுதி நேர ஆராய்ச்சிக்குப் பதிவு செய்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மூன்று தடவை கெஞ்சிக் கூத்தாடிக் கெடுவை நீட்டியாயிற்று. இந்தத் தடவை தீபாவளிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து என்று கடிதம் வந்துவிட்டது. பட்டம் இல்லையென்றால் ரிட்டயர் ஆகும்வரை இதே வகுப்பு, இதே பெஞ்ச், இதே எரிச்சல்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்க வக்கில்லை. ஒரு பத்திரிகையோடு சும்மா கொடுத்த சிடியில் லினக்ஸ் இருந்தது. என் பெட்டியில் சிடி போட இடமே கிடையாது. கல்லூரி லேபில் உட்கார்ந்து அதை நாற்பத்துச் சொச்சம் ஃப்ளாப்பிகளில் நகலெடுத்து, பஸ்ஸில் மந்தைவெளி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக ஊட்டினேன். முப்பத்தேழாவது படிக்கவில்லை. மறுநாள் மறுபடி லேப். படமும் கிடையாது, மவுஸும் கிடையாது, கறுப்புத் திரையில் சாம்பல் எழுத்துதான். ஆனால் கணக்குக் குறிகளைப் புத்தகத்தில் இருப்பது போலவே போடும் மென்பொருள் அதில் இலவசமாக இருந்தது. எனக்கு அது போதும்.

எட்டு மாதம் தட்டினேன். வகுப்பு, விடைத்தாள் திருத்தல், ரேஷன் க்யூ, அப்புறம் அந்தத் திரை. சீச்சீ என்று ஆகிவிட்டது. ஆறு அத்தியாயத்துக்கு ஆறு ஃப்ளாப்பி, ஆபத்துக்கு உதவ நகல் இன்னொரு ஆறு. கடைசி அத்தியாயம் மட்டும் பாதியில் நின்றது. காகிதத்தில் அச்சடித்தது முதல் இரண்டு அத்தியாயம்தான்.

ஆயுத பூஜை வந்தது. என் மனைவி அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தாள். "எல்லாத்துக்கும் இன்னிக்கு ஓய்வு. அதையும் நிறுத்தித் தொடைச்சு வையுங்க" என்றாள். கடைக்காரர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் ஒரு தட்டு தட்டினால் சுற்றத்தான் செய்தது. அதோடு, எனக்கே ஓய்வு வேண்டும் போலிருந்தது. நிறுத்தினேன். ஃப்ளாப்பிகளில் ஒரு செட்டை மட்டும் பூஜையில் வைத்தேன். "இன்னொரு செட் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள். அதையும் வைத்தேன். சந்தனத்தை நானே குழைத்தேன். கொஞ்சம் தண்ணியாகப் போயிற்று. பன்னிரண்டுக்கும், பளபளவென்று இருக்கிறதே என்று ஃப்ளாப்பியின் ஓரத்தில் சறுக்கித் திறக்கும் அந்தத் தகரக் கதவின் மேலேயே பார்த்துப் பொட்டு வைத்தேன். டாக்டர் பட்டம் வாங்கப் போகிறவனின் புத்தி!

விஜயதசமி காலையில் ஹார்ட் டிஸ்க் சுற்றவில்லை. தட்டினேன், குலுக்கினேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரே ஃப்ளாப்பியில் அடங்குகிற குட்டி லினக்ஸ் ஒன்று டிரைவுக்குள்ளேயே கிடந்ததால் பொட்டிலிருந்து தப்பியிருந்தது. அதை வைத்துப் பெட்டியைக் கிளப்பி, முதல் அத்தியாயத்தைச் செருகினேன். கர்ரென்று சத்தம். பிழை. அடுத்ததைப் போட்டேன். அதுவும் பிழை. பதற்றத்தில் பன்னிரண்டையும் வரிசையாகச் செருகிப் பார்த்தேன். கதவின் இடுக்கு வழியாகச் சந்தனம் உள்ளே இறங்கியிருக்கிறது, அது டிரைவுக்குள் வட்டைப் படிக்கிற தலையில் அப்பிக்கொண்டு நல்லதாக இருந்ததையும் கெடுக்கிறது என்பது கடைசி ஃப்ளாப்பியை வெளியே எடுத்தபோதுதான் உறைத்தது.

"ஒண்ணும் படிக்கலை. எல்லாம் போச்சு" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் படுத்தேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று மத்தியானம் நாலு மணி நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

மறுநாள் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்தாள். "விடும்மா, ஆகாது" என்றேன். காதிலேயே வாங்கவில்லை. உறைகளைப் பிளேடால் பிரித்து, உள்ளே இருந்த மெல்லிய வட்டங்களை, ரத்தம் தடவிய கண்ணாடிச் சில்லை அலம்புகிற பதவிசோடு சோப்புத் தண்ணீரில் அலம்பி, நிழலில் உலர்த்தி, காலி ஃப்ளாப்பிகளின் உறைக்குள் போட்டாள். டிரைவின் தலையையும் துடைத்தாள். மூன்று சாயங்காலம் இதே வேலை. பன்னிரண்டில் ஒன்பது படித்தது. இரண்டு செட்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆறு அத்தியாயமும் வந்துவிட்டன.

"உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "உனக்கென்ன இவ்வளவு வெறி? போனது போகட்டும்னு விட்டிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் போச்சுன்னு சொன்னீங்களே, அப்போ உங்க முகத்துல அப்பாடான்னு ஒரு நிம்மதி இருந்துச்சு. ஒம்பது வருஷமா நான் பார்க்காத முகம். எனக்குப் பயமாப் போச்சுங்க. இதை முடிச்சுக் குடுத்துட்டு அந்த முகத்தோட வாங்க, போதும்."

வெட்கமாக இருந்தது. உட்கார்ந்தேன். மிச்சப் பாதியை அந்தக் குட்டி லினக்ஸிலேயே தட்டி, அச்சடிப்பதைக் கல்லூரி லேபில் முடித்தேன்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கொடுத்துட்டேன் என்றேன். அவள் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னும் வரலையே" என்றாள்.

"களைப்பா இருக்கும்மா" என்றேன்.